அர்பாபின் ரிவால்வருக்குச் சந்தனம்

1

இந்த வருஷமும் ஆயுத பூஜை தவறாமல் வந்துவிட்டது. அபுதாபி முசஃபாவில் நாங்கள் ஆறு பேர் அடைந்து கிடக்கும் அறையில், ஏ.சி.க்குக் கீழே பழப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் வெள்ளைத் துண்டு விரித்து, அவரவர் தொழிலுக்கு உரியதை வைத்தோம். வெல்டர் முருகேசன் தன் கறுப்புக் கண்ணாடியை வைத்தான். டிரைவர் லாரிச் சாவியை வைத்தார். சமையல் முறைக்காரன் கரண்டியை வைத்தான், அதுதான் அங்கே நிஜமாகவே உயிர் காக்கும் ஆயுதம்.

"அண்ணே, ஒங்க சாமான் எங்கண்ணே?" என்றான் முருகேசன்.

சட்டைப்பையிலிருந்து இரண்டு தகடுகளை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றும் அரை நிலா வடிவம், நகம் போல மெல்லிசு, உள்வளைவில் மூன்று பள்ளம். முருகேசன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"இது என்னண்ணே, சீப்பு ஒடஞ்சு போச்சா?"

"துப்பாக்கி சாமான்டா."

"துப்பாக்கி எங்க?"

"அது அர்பாப்கிட்ட இருக்கு."

அறையே சிரித்தது. என் நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான். துப்பாக்கி முதலாளியிடம், தகடு என்னிடம். அறந்தாங்கியில் என் மாமனார் மட்டும், மாப்பிள்ளை அரபுநாட்டில் 'செக்யூரிட்டி பக்கம் பெரிய ஆள்' என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

2

எண்பத்திரண்டில் நான் அபுதாபி வந்து இறங்கியபோது விசாவில் 'கிளார்க்' என்று இருந்தது. லாரி உதிரிபாகக் கடை. டைப் அடிக்க வேண்டும், சரக்கு பார்க்க வேண்டும், அர்பாப் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். நம் முதலாளியை இங்கே அர்பாப் என்போம். நல்ல மனுஷர்தான். கோபம் வந்தால் கத்துவார், ஆறினால் பேரீச்சம்பழம் கொடுப்பார். என்னைச் 'சுந்தர்' என்பார். சுந்தரமூர்த்தி என்கிற முழுப் பெயர் அவர் வாயில் நுழைந்ததே இல்லை.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, ரிவால்வர். கடையின் இரும்புப் பெட்டியில் எங்கள் பாஸ்போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு பச்சைத் துணியில் சுற்றிப் படுத்திருக்கும். இரண்டும் அவர் சாவி போட்டுத் திறந்தால்தான் வெளியே வரும் என்பதால், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூடப்பிறந்தவனைப் பார்ப்பது போல இருக்கும்.

அது அமெரிக்காக்காரன் பழைய யுத்தத்தில் செய்தது. அப்போது பட்டாளத்துக்குப் பிஸ்டல் போதவில்லையாம். சரி, ரிவால்வராவது செய், ஆனால் பிஸ்டலுக்கு வாங்கி வைத்த தோட்டாவே அதற்கும் பொருந்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அங்கேதான் என் தலையெழுத்தை எழுதினார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். சாதாரண ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் ஆணித்தலை மாதிரி ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சுட்டு முடித்ததும் உருளையைத் திறந்து முன்னாலிருக்கும் கம்பியை ஓர் அமுக்கு அமுக்கினால், அந்த விளிம்பைப் பிடித்து ஆறு கூடுகளையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். பிஸ்டல் தோட்டாவுக்கு அந்த விளிம்பு கிடையாது. இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம்தான். ரிவால்வரில் போட்டால் வெடிக்கும், ஆனால் வெறும் கூடு வெளியே வராது. பிடிக்க ஒன்றும் இல்லையே! அதற்காகத்தான் இந்த அரை நிலாத் தகடு. மூன்று தோட்டாக்களை இடுப்போடு பிடித்து இதில் செருக வேண்டும். இரண்டு தகடு சேர்ந்தால் ஆறு. இப்போது எல்லாம் சேர்ந்து உள்ளே போகும், சேர்ந்து வெளியே வரும்.

செருகுவதும் சுட்ட பிறகு பிடுங்குவதும் லேசுப்பட்ட காரியமில்லை. கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிடும். அர்பாப் தம் நகத்தைப் பெயர்த்துக்கொள்வாரா? கடையில் ஒரு கிளார்க் சும்மாதானே இருக்கிறான்.

3

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பாட்டு நேரம் வரை முசஃபாவைத் தாண்டிய பாலைவனத்தில்தான் எங்கள் கச்சேரி. அர்பாப், அவருடைய சித்தப்பா மகன் ஹமத், இன்னும் நாலைந்து சொந்தக்காரர்கள். மணல் மேட்டுக்கு முன்னால் பால் டின்களை வரிசையாக வைப்பார்கள். நான் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் தோட்டாவும் தகடுமாக, பூக்கட்டுகிறவன் மாதிரி கோத்துக்கொண்டிருப்பேன்.

ஹமத்திடம் இருந்தது புதுப் பிஸ்டல். தோட்டா இருவருக்கும் ஒன்றுதான், ஒரே டப்பாவிலிருந்துதான் எடுப்பார்கள். ஹமத் தன் பிஸ்டலின் பிடிக்குள் 'சடக்' என்று ஒரு டப்பியைத் தள்ளிவிட்டுச் சுட ஆரம்பித்துவிடுவார். அர்பாப் என் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"சுந்தர், ஜல்தி! யல்லா!"

"ஏக் மினிட், அர்பாப்."

ஹமத் சிரிப்பார். அர்பாப்புக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் அவரிடமும் ஒரு பதில் இருந்தது. பிஸ்டல் ஒவ்வொரு தோட்டாவையும் சுட்டுவிட்டுக் கூட்டைப் பக்கத்தில் துப்பும். அதை ஹமத்தின் ஆட்கள் மணலில் குனிந்து தேடுவார்கள். ரிவால்வரின் கூடுகள் தகட்டோடு அப்படியே கைக்கு வரும். "நான் குப்பை போடுகிறதில்லை" என்று அரபியில் சொல்லிவிட்டு அந்தக் கொத்தை என் மடியில் போடுவார். சூட்டில் நான் துள்ளுவேன்.

ஒரு தடவை என்னையும் சுடச் சொன்னார். இத்தனை நாள் தோட்டா கோத்தவன், பெரிய சூரன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். கை தலைக்குமேல் போனது, மூக்குக்கண்ணாடி பின்னால் போனது, குண்டு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. டின்கள் எல்லாம் சௌக்கியமாக நின்றன. ஹமத் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்து, "சுந்தர், நீ டைப் அடி" என்றார்.

சுட்ட தகடுகளை வெள்ளி சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அப்போது எனக்கு வீடு இருந்தது. அபுதாபி நகருக்குள் பழைய வில்லா ஒன்றைப் பலகை வைத்துத் தடுத்ததில் ஓர் அறை, நான், மனைவி வசந்தா, மகள் பிரியா. கூடுகளைப் பிடுங்குவது, தகட்டில் படிந்த கரியைத் துடைப்பது, வளைந்திருந்தால் நேராக்குவது எல்லாம் டி.வி. பார்த்துக்கொண்டே நடக்கும். வசந்தா தேங்காய்த் துருவியின் காம்பை வைத்து ஒரு நெம்பு நெம்புவாள். கூடு தனியே வந்துவிடும். எனக்குத்தான் வராது.

"தகடு ரொம்ப மெல்லிசா இருக்கணும் வசந்தா. ஒரு முடி கனம் கூடுனாலும் உருளை சுத்தாது" என்று ஒருநாள் பெரிய எஞ்சினியர் மாதிரி விளக்கினேன்.

"அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள். நன்றாகவே கேட்டுக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

4

போன வருஷம் மனைவி, மகள் இருவரின் விசாவும் முடிகிற நேரம். புதுப்பிக்க அர்பாபின் கையெழுத்தும் கடை முத்திரையும் வேண்டும். கையெழுத்து விழாவிட்டால் அந்த மாதமே வசந்தாவும் பிரியாவும் விமானம் ஏற வேண்டியதுதான். நான் கேட்கும்போதெல்லாம் "புக்ரா" என்றார். நாளைக்கு என்று அர்த்தம். இந்த ஊரில் நாளைக்கு என்றால் எந்த நாளாகவும் இருக்கலாம். இதற்கிடையில் விசா அலுவலகத்தில் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, போட்டோ பின்னணி நீலம், வெள்ளை வேண்டும் என்றார். வெள்ளையோடு போனேன், அரபி டைப்பில் பெயர் தப்பு என்றார். சுந்தரமூர்த்தியை அரபியில் எழுத என் தாத்தா பெயரும் சேர்ந்து பாதி வரி தாண்டியது.

எனக்கு ஒரே பயம். திரும்பவும் பேச்சிலர் அறைக்குப் போய் அடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் படுக்க வேண்டும். பிரியா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வாள்? அவள் இங்கே தமிழை ஊறுகாய் மாதிரிதான் தொட்டுக்கொள்வாள். வகுப்பில் 'என் தந்தை' பற்றி இங்கிலீஷில் பேசச் சொன்னபோது, 'மை டாடி சிட்ஸ் ஆன் எ மேட் அண்ட் கம்ப்ஸ் புல்லட்ஸ்' என்று சொல்லியிருக்கிறாள். அப்பா பாயில் உட்கார்ந்து தோட்டாவுக்குத் தலை சீவுகிறார் என்று! டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தாள்.

வசந்தா வேறு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். ஊரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வருஷக்கணக்காகக் காத்திருந்தாள்.

"ஏங்க, என் சீனியாரிட்டி இப்பத்தான் கிட்ட வருதாம். நேர்ல இருந்தா கெடச்சிரும்னு அண்ணன் சொல்லுது."

"இரு, மொதல்ல விசா கையெழுத்து ஆகட்டும்."

"அதான் நான் சொல்ல வர்றது…"

"எல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ கவலைப்படாத."

அவள் கவலைப்படுகிறாளா, எதைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. என் மண்டைக்குள் அப்போது கையெழுத்து ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அர்பாப் ஜெயித்தால் குஷியாக இருப்பார், அப்போது காகிதத்தை நீட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்கு முதல்நாள் ஆயுத பூஜை.

ஊரில் இருந்தவரை என் ஆயுதம் டைப்ரைட்டர். இங்கே முதல் தடவையாக நிஜ ஆயுதத்தில் ஒரு பாகம் என் வீட்டில் இருந்தது. விடுவேனா? அர்பாபின் தகடுகள் அத்தனையையும் சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் பரப்பினேன். வசந்தா சந்தனம் கரைத்தாள். ஒவ்வொரு தகடாக எடுத்து, புரட்டி, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். அவ்வளவு பொறுமையாக அவள் பூஜை செய்து நான் பார்த்ததில்லை.

"மம்மி, ஒய் மேக்கப்?" என்றாள் பிரியா.

"சாமி கும்பிடு" என்றேன்.

காலையில் தகடுகளை அள்ளிப் பையில் போடும்போது துணியால் துடைக்கப் போனேன். வசந்தா பதறிவிட்டாள்.

"ஐயையோ, தொடைக்காதீங்க! இன்னும் மறுபூஜை ஆகல. பொட்ட அழிச்சா ஆகாது."

"சரி சரி" என்று அப்படியே கொண்டுபோனேன். பக்தியோடு சட்டைப்பையில் விசாக் காகிதமும் புதுப் பேனாவும்.

5

பாலைவனத்து வெயிலில் சந்தனம் காய்ந்து சிமெண்டு மாதிரி ஆகியிருந்தது. தோட்டாவைக் கோக்கும்போதே பார்த்தேன். தகட்டின் பின்பக்கம்தான் கனமாக இருந்தது. ஒரு பொட்டு என்ன செய்துவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முடி கனம் பற்றி வீட்டில் உபதேசம் செய்த மேதாவி நான்தான்.

அன்றைக்குப் பார்த்து ஹமத் பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தார். அவர் சுட்டு, பெரும்பாலான டின்களை விழவைத்தார். அர்பாப் முன்னால் வந்தார். உருளை மூடவில்லை. உள்ளங்கையால் ஓர் அறை அறைந்து மூடினார். முதல் தோட்டா வெடித்தது, டின் விழுந்தது. இரண்டாவதுக்கு விசையை இழுக்கிறார், வரவில்லை. இரண்டு விரலால் இழுக்கிறார், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார். பின்னாலிருந்து ஹமத் அரபியில் ஏதோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அர்பாப் உருளையைத் திறந்து தட்டினார். உள்ளேயிருந்து குங்குமம் கொட்டி அவருடைய வெள்ளை அங்கியில் மார்பு முழுக்கச் சிவப்பாக அப்பியது.

"தம்! தம்!" என்று கத்தினார்கள். ரத்தமாம்! நாலு பேர் ஓடிவந்து அவரைப் படுக்கவைக்கப் பார்த்தார்கள். ஒருவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அர்பாப்பும் ஒரு நிமிஷம் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு தகட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "யே க்யா ஹை, சுந்தர்?" இது என்ன என்கிறார்.

எனக்கு இந்தியும் மறந்துவிட்டது, இங்கிலீஷும் மறந்துவிட்டது. "அர்பாப்… பூஜா… மேரா பீவி… சால் மே ஏக் பார்… துமாரா ரிவால்வர் கே லியே துவா…" என்று கையைக் கூப்பிக் காட்டினேன். வருஷத்துக்கு ஒருமுறை, உங்கள் ரிவால்வருக்காக என் மனைவி பிரார்த்தனை. விசா போச்சு, வேலையும் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அர்பாப் என்னைப் பார்த்தார். ஹமத்தைப் பார்த்தார். "இவன் பிஸ்டலுக்காக யாராவது துவா செய்ததுண்டா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம், "தகடு மாஃபி, வேண்டவே வேண்டாம். தோட்டாவைத் தனித்தனியாகப் போடு" என்றார்.

போட்டேன். தகடு இல்லாமலே சுட்டார். ஆறு சுட்டதும் வெறும் கூடு வெளியே வராதே? ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ள ஏதாவது மெல்லிசாக வேண்டும். என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த புதுப் பேனாவை அவரே உருவினார். கையெழுத்துக்கென்று நான் கொண்டுவந்த பேனாவால் நான் கூடு குத்த, அவர் சுட, நான் குத்த, அவர் சுட, கடைசியில் அர்பாப் ஜெயித்தார். என்னைத் தூக்கிச் சுற்றாத குறை.

"க்யா மாங்தா ஹை?" என்றார். என்ன வேண்டும் என்கிறார்! காகிதத்தை நீட்டினேன். மணலில் உட்கார்ந்து முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போடப் பார்த்தார். சூட்டுக் கரியைக் குத்திக் குத்திப் பேனா முனை நசுங்கி, எழுதவே இல்லை. கடைசியில் தோற்ற ஹமத்தின் தங்கப் பேனாவில் எனக்குக் குடும்ப விசா கையெழுத்தானது.

6

வீட்டுக்குப் பறந்து வந்தேன். கதவைத் திறந்ததுமே காகிதத்தை ஆட்டினேன்.

"பாத்தியா! ஒம் பூஜையால வந்தது!"

பிரியா 'யே!' என்று கட்டிலில் குதித்தாள். வசந்தா காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"எத்தன வருசத்துக்கு?"

"மூணு!"

அவள் அதை டி.வி. மேல் வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். பாலைவனத்தில் நடந்த கூத்தையெல்லாம் பின்னாலேயே நின்று சொன்னேன். உருளை சிக்கியது, அர்பாப் மார்பில் குங்குமம், நான் உளறியது. அவளும் சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"நான் சாமிகிட்ட என்ன கேட்டேன்னு நீங்க கேக்கவே இல்லியே" என்றாள்.

"என்ன கேட்ட?"

"அந்த ஆளு இதுல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு கேட்டேன். நம்ம மூணு பேரையும் ஊருக்கு அனுப்பிறணும்னு கேட்டேன்." குழாயை மூடினாள். "வாயால சொன்னா உங்களுக்குக் காது கேக்கல. சந்தனத்தைக் கெட்டியாத்தான் வச்சேன்."

தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவள்தான் எனக்குச் சோறு போட்டாள்.

மூன்று வருஷ விசாவைக் கையில் வைத்துக்கொண்டே அவள் பிரியாவோடு ஊருக்குக் கிளம்பிப் போனாள். வேலை கிடைத்துவிட்டது. ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கேசட்டில் பேசி அனுப்புகிறாள், பின்னணியில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்கிறது. பிரியாவும் கடைசியில் இரண்டு வார்த்தை பேசுவாள். முதல் கேசட்டில் 'ஹலோ டாடி' என்றவள், போன கேசட்டில் 'அப்பா, எப்ப வருவீங்க' என்று முழுசாகத் தமிழில் கேட்டிருந்தாள். அந்த இடத்தை ரீவைண்ட் செய்து செய்து நாடா தேய்ந்துவிட்டது.

நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். விசாவை கேன்சல் செய்து அனுப்பிவிடுங்கள் அர்பாப் என்று. இரும்புப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை அவர். "சுந்தர் போனால் என் தகட்டை யார் பார்ப்பது? புக்ரா, புக்ரா" என்கிறார். உள்ளே ரிவால்வரும் என் பாஸ்போர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் தூங்குகின்றன.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஹமத் விருந்தாளிகளோடு வருகிறாராம்.

முருகேசன் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான். "அண்ணே, நீங்களே வச்சிருங்க. லேசா வைங்க, தகடு மெல்லிசா இருக்கு."

வாங்கிக்கொண்டேன். முதலில் சாமியைக் கும்பிட்டேன். பிறகு தகட்டைப் புரட்டி, பின்பக்கத்தில், வசந்தா வைத்ததைவிடக் கெட்டியாக வைத்தேன்.